படம் பிடிக்கப் போட்ட பைப்பு

மேட்டுக்காடு,
எருமப்பட்டி வழி.
18-1-2024

தம்பி ஈஸ்வருக்கு அக்கா சாரதாமணி எழுதுவது.

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். நீ நலமாக, கொஞ்சம் தொப்பையோடு இருப்பதைத் தோட்டக்கலை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டேன். போனில் கேட்டதற்கு "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் பதிவுத் தபால். இதற்கு நீ கையெழுத்துப் போட்டாக வேண்டும், அந்த ஒப்புகை அட்டை எனக்குத் திரும்பி வரும்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் கிணறு இப்போது காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம்தான். அதற்கு மேல் மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. வாய்க்காலில் விட்டால் நாலு பாத்தி நனைவதற்குள் தண்ணீர் நின்றுவிடுகிறது. தையில் மரவள்ளி ஊன்ற வேண்டும், பத்து மாதப் பயிர், கோடையைத் தாண்ட வேண்டும். சிறு விவசாயிக்கு முழு மானியத்தில் சொட்டுநீர் போட்டுத் தருகிறார்கள் என்று நானும் உன் மச்சானும் சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். வித்யா என்று ஒரு பெண் அங்கே அலுவலர். நம் பட்டா எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க்கா, உங்க காட்டுக்குத்தான் ரெண்டு வருசம் முன்னாடியே டிரிப் போட்டாச்சுங்களே. நாலு ஏக்கருக்கும்."

நான் சிரித்தேன். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். என் வெங்காயக் காட்டில் நீ நிற்கிறாய். மெரூன் கரை போட்ட புது வேட்டி. பக்கத்தில் பைப்புக் கம்பெனி ஏஜெண்டு நாச்சிமுத்து. காலடியில் கருப்புக் குழாய்கள் வரிசையாக. படத்தின் அடியில் தேதியும் மணியும் அச்சாகியிருக்கிறது: 11-2-2022, காலை 10.42.

அன்றைக்குச் சேலத்தில் உன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியவள் நான். இந்த ஊரே வேனில் ஏறி உன் வீட்டுக்கு வந்திருந்தது. எட்டு மணிக்கு, வாழை இலை போதாது, வாங்கி வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவன் ஒரு மணிக்கு மூன்றாம் பந்திக்குத்தான் வந்தாய். வேட்டியில் செம்மண் ஒட்டியிருந்ததை நானே தட்டிவிட்டேன். சேலத்தில் கிடைக்காத இலைக்கு எருமப்பட்டி வரைக்கும் போயிருக்கிறாய்.

அப்பா போனபின் நாலு ஏக்கரும் நம் இருவர் பெயரில் கூட்டுப் பட்டா. கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி உனக்கு என்று வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டோம். உன் பாதியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்த முள்ளுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் விவசாயி உதவித்தொகை இரண்டாயிரம் போடுகிறது, நீயும் எடுத்துக்கொள்கிறாய், நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் படம் பிடிக்க மட்டும் என் பயிர் வேண்டியிருந்ததா?

ஒரு நிலத்துக்கு ஒருமுறை கொடுத்தால் ஏழு வருடம் மறுபடி கிடையாதாம். 2029 வரை என் மரவள்ளி காத்திருக்காது. அந்தப் பைப்பைக் கொண்டுவந்து போடு. இல்லையென்றால் போடவே இல்லை என்று ஆபீசில் எழுதிக் கொடு. தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் காகிதங்களின் நகல் கேட்டுப் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி மனுவும் போட்டுவிட்டேன்.

அக்கா,
சாரதாமணி.


சேலம்,
29-1-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதிவுத் தபாலைக் கடையில் பத்துப் பேர் முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பேங்க் நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். போர் போடும் ரிக் வண்டிக்கு ஸ்பேர் வாங்க வந்தவர் ஒருவர் பாக்கித் தொகையை உடனே எடுத்து நீட்டினார். அந்த வகையில் உங்களுக்கு நன்றி.

கடிதம் நன்றாக இருந்தது. யாரை வைத்து எழுதினீர்கள்? தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவராக இருந்தால் அவருக்கு விஷயம் தெரியாது, அதனால் நானே விளக்குகிறேன்.

அக்கா, மானியம் என்பது விவசாயிக்கு வருவது இல்லை. கம்பெனிக்குப் போவது. ஆபீசுக்கு வருடத்துக்கு இத்தனை ஏக்கர் என்று மேலிருந்து ஒரு கணக்கு வரும், அதை மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். கம்பெனிக்குப் பைப்பு விற்க வேண்டும். நடுவில் ஒரு பட்டாவும் ஒரு ஆதாரும் ஒரு படமும் தேவைப்படுகின்றன. நாச்சிமுத்து கேட்டார், கொடுத்தேன். ஒரு பைசா என் கைக்கு வரவில்லை. அவருடைய குடோனில் ஒரே செட் பைப்பு இருக்கிறது. காலையில் ஒரு காட்டில் விரிப்பார்கள், படம் எடுப்பார்கள், சுருட்டுவார்கள், மத்தியானம் அடுத்த காடு. உங்கள் காட்டோடு அது முடியவில்லை, அங்கே ஆரம்பிக்கவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

நீங்கள் ரொம்ப நேர்மையாகவும் எழுத வேண்டாம். மானியத்தில் வாங்கிய தார்ப்பாய் இப்போது எதன் மேல் கிடக்கிறது? மாட்டுக் கொட்டாய் மேல். மானிய விதை உளுந்து ஏழு கிலோவை அரைத்து வடை சுட்டது யார்? நானும் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

இன்னொன்று. என் பெண் தமிழினியை நாச்சிமுத்துவின் மகன் நந்தகுமாருக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். வைகாசியில் வைக்கலாம் என்றிருக்கிறோம். இந்த நேரத்தில் அவர் பெயர் போட்டு மனு, நகல் என்று அலைவது அத்தைக்கு அழகா? அந்த மனுவை வாபஸ் வாங்குங்கள். 2029-ல் நானே முன்னால் நின்று போட்டுத் தருகிறேன். அதுவரை மரவள்ளி வேண்டாம், சோளம் போடுங்கள், அதற்குத் தண்ணீர் தேவையில்லை.

ஈஸ்வர்.


மேட்டுக்காடு,
14-2-2024

தம்பிக்கு,

உளுந்து வடை உண்மை. அந்த வருடம் மழை இல்லை, விதைத்திருந்தால் எறும்புதான் தின்றிருக்கும். தார்ப்பாயும் உண்மை. என் மாடு நனையாமல் இருக்கிறது, அதற்காக யார் கேட்டாலும் பதில் சொல்கிறேன். உன் படத்துக்கு நீ யாரிடம் பதில் சொல்வாய்?

ஆபீஸ் காகிதங்கள் வந்துவிட்டன. பதினொரு பக்கம். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். படம் காகிதத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. குழாயின் நுனி எதிலும் மாட்டியில்லை, வரப்பில் கிடக்கிறது, பறந்துவிடாமல் இருக்க மேலே ஒரு கல். அந்தக் கல்லை எனக்குத் தெரியும். மண்வெட்டி தீட்டுகிற கல். இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது போய்ப் பார்த்தால், உன் ஆட்கள் வேலி ஓரமாக எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஏழாம் பக்கத்தில்தான் நின்றுவிட்டேன். கூட்டுப் பட்டாதாரர் சம்மதக் கடிதம். "என் தம்பியின் பெயரில் மானியம் பெற எனக்கு முழுச் சம்மதம்" என்று டைப் அடித்து, கீழே என் பெயர், அதன் மேல் ஒரு கைநாட்டு.

கைநாட்டு. எனக்கு.

நான் எட்டாவது வரை படித்தவள். உன் கல்யாணப் பத்திரிகை நானூறு உறையிலும் முகவரி எழுதியது இந்தக் கைதான். கடிதத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நீ கேட்டபோது நக்கல் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது. பைப்பு விரித்ததைக்கூட ஒரு நாளில் மறந்திருப்பேன். நாலு எழுத்து தெரியாதவளாக என்னை ஆபீசில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அன்றைக்கே என் கையால் உன் வீட்டில் பாலும் காய்ச்ச வைத்தாயே, அதை மறக்க மாட்டேன். அது யாருடைய கட்டைவிரல், ஈஸ்வர்? உன்னுடையதா, நாச்சிமுத்துவுடையதா? விரலையும் அந்தப் பைப்பைப் போலக் காடு காடாக எடுத்துக்கொண்டு போகிறார்களா?

உன் மச்சானிடம் காட்டினேன். வழக்கம்போல, "ஊட்டு விசயம், பேசாம உடு" என்றார். அவர் ஒருவர்தான் எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர்.

சோளம் போடச் சொல்கிறாய். சேலத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து பயிர் சொல்வதற்கும் ஒரு மானியம் இருந்தால் முதல் பெயர் உன்னுடையதுதான். என் பாதியில் ஒரு ஏக்கர் மட்டும் மரவள்ளி ஊன்றியிருக்கிறேன். அதிலேயே கடைசி ஆறு வரிசைக்குத் தண்ணீர் போகவில்லை, துளிர்த்த இலை சுருண்டு நிற்கிறது. மீதி ஒரு ஏக்கருக்கான குச்சிக் கட்டுகள் வேப்ப மரத்தடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. மாசி முடியும்வரை தாங்கும். அதற்கு மேல் அடுப்புக்குத்தான்.

பதினொரு பக்கத்தையும் நகல் எடுத்து, திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன்.

சாரதாமணி.


சேலம்,
24-2-2024

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. மச்சான் எடுக்கிறார், "அக்காகிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

உங்கள் மனுவால் நடந்தது இது. நாச்சிமுத்து கடந்த மூன்று வருடத்தில் போட்ட எல்லாக் காட்டையும் நேரில் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. தேர்தல் அறிவிப்பதற்குள் முடிக்க வேண்டுமாம். மற்ற இடங்களில் அவர் சரிக்கட்டிக்கொள்வார். முதலில் பார்க்கப்போவது நம் காட்டை, மார்ச் ஏழாம் தேதி. மனு அங்கேயிருந்துதானே போனது.

பைப்பு இல்லை என்று எழுதினால் முதலில் மாட்டுவது நான். பயனாளி என்று என் பெயர்தான் இருக்கிறது. மானியத் தொகையை வட்டியோடு என்னிடம் வசூலிப்பார்கள், போலீஸ் வரைக்கும் போகலாம் என்கிறார் வக்கீல். கல்யாணமும் நின்றுபோகும். தமிழினி ஒரு பாவமும் செய்யவில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள்.

கைநாட்டு வைத்தது கம்பெனி ஆள். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன், விட்டுவிட்டேன். அவசரம். அது தப்புதான்.

ஒரே ஒரு உதவி. ஆறாம் தேதி நாச்சிமுத்து ஆட்கள் வந்து பைப்பை விரிப்பார்கள். ஏழாம் தேதி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கேட்டால் இரண்டு வருடமாக ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவ்வளவுதான். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்வர்.


மேட்டுக்காடு,
28-2-2024

தம்பிக்கு,

காலில் விழுவதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறாய். அதையும் நானேதான் செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழினிக்காகச் சம்மதிக்கிறேன். உனக்காக என்று நினைத்துவிடாதே.

ஆனால் உங்கள் புத்தியைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. மேலே விரித்துவைத்து, நுனியில் கல்லை வைத்தால் போதும் என்று இன்னுமா நினைக்கிறீர்கள்? அது படத்துக்குச் சரி. வருகிறவர்கள் வால்வைத் திறந்து பார்ப்பார்கள். பேப்பரில் நாலு ஏக்கர் என்று இருக்கிறது, உன் பாதியில் முள் நிற்கிறது. பன்றிகூட நுழையாத இடத்தில் சொட்டுநீர் ஓடுகிறது என்றால் யார் நம்புவார்கள்?

அதனால் கேள். ஆறாம் தேதி போதாது, நாலாம் தேதியே ஆட்கள் வரட்டும். ஜேசிபி கொண்டுவந்து உன் பாதி முள்ளை வேரோடு எடுக்கட்டும். கிணற்றடியில் ஃபில்டர் வைக்கட்டும். மெயின் பைப்பைப் பள்ளம் தோண்டி ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கட்டும், வால்வுகளை மேலே கொண்டுவரட்டும், சொட்டுக் குழாயை மரவள்ளி வரிசைக்கு வரிசை மாட்டட்டும். செலவு நாச்சிமுத்துவுடையது. அவருக்குத்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களே.

இரண்டு வருடமாக ஓடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். பைப்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பேன். அதில் பொய் இல்லை.

சாரதாமணி.


சேலம்,
9-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர்கள் கம்பெனி ஆட்கள். பைப்பைச் சுருட்டி எடுத்துப் போக வந்திருக்கிறார்கள். பதினைந்தாம் தேதி மோகனூர் பக்கம் இதே ஆய்வு இருக்கிறதாம், அங்கே விரிக்க வேண்டும். வெயிலில் வருகிறார்கள், டீ கொடுத்து அனுப்புங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாச்சிமுத்து சொன்னார். அந்த வித்யா மேடம் ஒன்றும் கேட்கவில்லையாமே. இதைத்தான் ஜனவரியிலேயே சொன்னேன். ஒன்றும் இல்லாத விஷயத்துக்குப் பத்து ரூபாய் வில்லை, பதிவுத் தபால், கலெக்டர் ஆபீஸ் என்று ஊரைக் கூட்டினீர்கள். கடைசியில் நான் சொன்ன வழிக்குத்தானே வந்தீர்கள்? உலகம் எப்படி நடக்கிறது என்று இனிமேலாவது புரிந்தால் சரி.

நிச்சயதார்த்தம் பங்குனி இருபதாம் தேதி. மச்சானோடு முதல் நாளே வந்துவிடுங்கள்.

முள் எடுத்த பிறகு என் பாதி நன்றாக இருக்கிறதாமே. பிளாட் போடலாமா என்று பார்க்கிறேன்.

ஈஸ்வர்.


மேட்டுக்காடு,
12-3-2024

தம்பிக்கு,

வந்த ஆட்களுக்கு டீ கொடுத்தேன். முறுக்கும் கொடுத்தேன். நல்ல பிள்ளைகள். பைப்பு இல்லாமல் திரும்பியிருப்பார்கள், அதற்குள் நாச்சிமுத்து உன்னைப் பிடி பிடியென்று பிடித்திருப்பார். இருந்தாலும் முறைப்படி நான் எழுத வேண்டும் அல்லவா?

ஏழாம் தேதி வித்யாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். வித்யா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தாள்.

"மண்ணு புதுசா இருக்குதுங்களேக்கா" என்றாள்.

"ஆமாங்க, புதுசுதானுங்க" என்றேன்.

மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த படிவத்தில் இரண்டே கட்டம். செயல்பாட்டில் உள்ளது, செயல்பாட்டில் இல்லை. எப்போது போட்டது, எதற்காகப் போட்டது, யாருக்குப் பயந்து போட்டது என்று எழுத அதில் இடம் இல்லை. உன் மச்சான் மோட்டாரைப் போட்டார், வால்வைத் திறந்தார்கள், சொட்டு விழுந்தது. உள்ளது என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். உங்களைப் போன்றவர்கள் பிழைப்பதற்கென்றே அடித்த படிவம். ஒரு நாளாவது அது எனக்கும் உதவட்டும் என்று பேசாமல் நின்றேன். அதில் எனக்கு வெட்கம் இருக்கிறது. உனக்கு இல்லாததால் உன் பங்கையும் சேர்த்து நானே படுகிறேன்.

பட்டாதாரர் கையொப்பம் என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதினேன். ஒரு நகல் கேட்டேன், கொடுத்தார்கள். அதில் பைப்பு எத்தனை மீட்டர், வால்வு எத்தனை, ஃபில்டர் என்ன எண் என்று எல்லாம் இருக்கிறது. ஏழு வருடத்துக்குக் கழற்றவோ விற்கவோ கூடாது என்றும் கீழே அச்சடித்திருக்கிறது. உன் ஆட்கள் வந்தபோது அந்த நகலை நீட்டினேன்.

"கழட்டுங்க சாமி. ஆனா கழட்டுனோம்னு இதுல தேதி போட்டு, கையெழுத்து வெச்சுட்டுக் கழட்டுங்க" என்றேன்.

ஒருவன் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் வெகுநேரம் கத்தல் கேட்டது. பிறகு முறுக்கைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

நாச்சிமுத்துவிடம் சொல்லு. உங்கள் காகிதப்படி இந்தப் பைப்பு இரண்டு வருடமாக என் காட்டில்தான் இருக்கிறது. அதை இப்போது எடுத்தால் திருட்டு. வேண்டுமானால் போலீசில் புகார் கொடுக்கட்டும், தன்னுடைய பைப்பு என் காட்டுக்கு எப்போது வந்தது என்று அவரே எழுதட்டும். எழுதுகிற அன்றைக்கு ஏழாம் பக்கத்தோடு நானும் வருகிறேன். மோகனூர்க் காட்டுக்காரர்களுக்கு அவர் என்ன விரிப்பார் என்று கேட்டால், கையிலிருந்து போட்டுப் புதுப் பைப்பு விரிக்கட்டும். அங்கேயும் ஒரு சாரதாமணி இருந்தால் நல்லது.

உன் பாதியைப் பிளாட் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். சொட்டுநீர் மானியம் வாங்கிய நிலம், ஏழு வருடம் விவசாயம்தான். அதுவும் அதே காகிதத்தில் இருக்கிறது. சும்மா கிடக்க வேண்டாம் என்று கிணற்றை ஒட்டிப் பத்து சென்ட்டில் உளுந்து போட்டிருக்கிறேன். விளைந்தால் வடைக்கு அனுப்புகிறேன்.

நிச்சயத்துக்கு வருகிறோம். தமிழினிக்கு நான் அத்தை, அதை எந்தக் காகிதமும் மாற்றாது. சம்பந்திக்கு வணக்கம் சொல்லிவிட்டு முன் வரிசையில் உட்காருவேன். இலை போதவில்லை என்றால் இந்தத் தடவை உன் மச்சான் போய் வாங்கி வருவார்.

மீதி ஒரு ஏக்கரும் ஊன்றிவிட்டேன். குச்சிகள் பாதிக்கு மேல் பச்சையாகத்தான் இருந்தன. கிணற்றில் இன்னும் அதே முக்கால் மணி நேரத் தண்ணீர்தான். நேற்று அது கடைசி வரிசையின் கடைசிச் செடி வரைக்கும் போனது. நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையும் பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன். ஒப்புகை அட்டையில் மறக்காமல் கையெழுத்துப் போடு. கை வரவில்லை என்றால் கைநாட்டு வை. தபால்காரர் ஏற்றுக்கொள்வார்.

அக்கா,
சாரதாமணி.